எங்க நிக்கிறியள்?

2025 ஓகஸ்டில் பிள்ளைகளோடு பாரிஸ் டிஸ்னிலாந்துக்குப் போனோம். அங்கே பூங்காவுக்குச் சொந்தமான ஹோட்டலொன்றில் இரண்டு இரவு நின்றோம். அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடிய ரயில் தூரத்தில், என் தம்பி, சின்னம்மாவின் மகன், தன் வீட்டு அறையை எங்களுக்காக ஒழித்து வைத்திருந்தான். ஏன் ஹோட்டலில் நின்றோம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரு காரணம் சொன்னேன். அந்தக் காரணம் சரியானது. ஆனால் நான் அதற்காக அங்கே நிற்கவில்லை.

எங்கள் பேச்சில் 'தங்குவது' என்ற சொல் அதிகம் வராது. 'எங்க நிக்கிறியள்?' என்றுதான் கேட்போம். 'மாமா வீட்டில நிக்கிறன்' என்றுதான் பதில் வரும். வெள்ளவத்தைக்காரருக்கு இந்தச் சொல்லின் பாரம் தெரியும். ஆஸ்பத்திரிக்கு, பாஸ்போட்டுக்கு, நேர்முகப் பரீட்சைக்கு, வெளிநாட்டுப் பயணத்துக்கு என்று வடக்கிலிருந்து வந்தவர்களில் எத்தனையோ பேர், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கைகளில் யாரோ ஒரு சொந்தக்காரர் வீட்டு ஹோலில் பாய் போட்டு நின்றவர்கள். இருபது வருடம் கழிந்தாலும் 'அவை வீட்டில நிண்டுதான் நான் வெளிநாடு போனனான்' என்று சொல்வார்கள். என் தம்பியால் அப்படிச் சொல்ல முடியாது. அங்கேயிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி மூடப்பட்டது. அந்த வருடக் கடைசியில் அவன் காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில், வெளிநாடு போகவென்று கொழும்புக்கு வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு 22 வயது. எனக்குக் கலியாணமாகி ஒரு வருடம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இரண்டு அறை வீடு. வந்த முதல் இரவு எங்கள் ஹோலில் படுத்தான். மறுநாள் காலை தேத்தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "கொட்டாஞ்சேனையில நிண்டா உனக்கு வசதி தம்பி. ஏஜென்சியும் பக்கத்தில."

ஏஜென்சி பக்கத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் நான் பயந்திருந்தேன். வெள்ளை வான்களில் ஆட்கள் கடத்தப்பட்ட காலம் அது. வடக்கிலிருந்து வந்த இளைஞன் ஒருவனை வீட்டில் வைத்திருந்தால் பொலிஸில் பதிய வேண்டும். எதற்கு வந்தான், எத்தனை நாள் நிற்பான் என்று சொல்ல வேண்டும். இரவில் கதவு தட்டப்பட்டால் திறக்க வேண்டும். பயம் குற்றமில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதே தொடர்மாடியில் மேல் வீட்டு ரீச்சர் தன் அக்காவின் பிள்ளைகள் மூன்று பேரை வைத்திருந்தார். என்னைவிட அவருக்குப் பயம் குறைவென்று நான் நினைக்கவில்லை. மூன்று பேரையும் பதிந்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து பயந்தார்.

தம்பி கொட்டாஞ்சேனை லொட்ஜில் ஒரு அறையில் நாலு பேரோடு ஆறு மாதம் நின்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் கொச்சிக்கடை சிவன் கோயிலுக்குப் போய்விட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். பின்னேரம் ஐந்து மணிக்கு நான் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்குவேன். அதை அவன் கண்டிருப்பான். ஐந்தரைக்கு எழும்பிவிடுவான்.

2007 ஜூன் 7 விடியற்காலை, கொழும்பு லொட்ஜுகளில் நின்ற தமிழர்கள் 370க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை எல்லா இடத்திலும் அது நடந்தது. பலரை வவுனியாவுக்குக் கொண்டுபோனார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. கொண்டுபோனவர்களில் பலர் திருப்பிக் கொண்டுவரப்பட்டார்கள். தம்பியும் அவர்களில் ஒருவன். இதெல்லாம் பத்திரிகையில் வந்தது. பத்திரிகையில் வராத ஒன்று எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

திரும்பி வந்த அன்று அவன் எனக்குக் கோல் எடுத்தான். "அக்கா, வந்திட்டன்" என்றான். பிறகு ஒன்றும் பேசவில்லை. அந்த இடைவெளியை அவன் எனக்காக விட்டிருந்தான். அது எனக்கு அப்போதே விளங்கியது. நான் கேட்டது இதுதான்: "லொட்ஜில திரும்ப அறை தருவினமோ?"

"ஓம் அக்கா, தருவினம்" என்றான்.

அந்த வருடக் கடைசியில் அவன் கொழும்பை விட்டான். 2008இல் பிரான்சில் கால் வைத்தான். அகதி அந்தஸ்து, உணவகச் சமையலறையில் வேலை, கலியாணம், இரண்டு பிள்ளைகள், கடைசியில் அந்த நாட்டுப் பிரஜாவுரிமை. பாரிஸுக்கு வடக்கே, எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வாழும் லாக்கூர்நெவில் சின்னதொரு தொடர்மாடி வீடு. சித்திரை வருடப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் தவறாமல் எனக்குக் கோல் எடுத்தான். 2007ஐப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

2024 தீபாவளிக்குப் பேசியபோது அவன்தான் சொன்னான்: "அக்கா, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எங்கட வீட்டில நில்லுங்கோ. எல்லாருமாச் சேந்து டிஸ்னிக்குப் போவம்." அவனுடைய பிள்ளைகள் இருவரும் அந்த நகரத்திலேயே பிறந்தவர்கள். இருந்தும் டிஸ்னிலாந்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு சமையல்காரனின் சம்பளத்தில் நாலு டிக்கெட் என்பது இலேசான காரியமில்லை. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. "பிள்ளையள் நாலு பேருக்கும் டிக்கெட் என்ர செலவு" என்று சொன்னேன். என் பிள்ளைகள் பக்கத்திலிருந்து அதைக் கேட்டார்கள்.

பிரான்ஸ் வீசாவுக்கு விண்ணப்பிப்பவர் எங்கே நிற்கப் போகிறார் என்று காட்ட வேண்டும். ஒன்று ஹோட்டல் பதிவு, இல்லையென்றால் வீட்டுக்காரர் தன் ஊர் நகரசபையில் எடுத்துத் தரும் அழைப்புப் பத்திரம். நகரசபையை அங்குள்ள தமிழர் 'மெரி' என்பார்கள். அந்தப் பத்திரத்துக்காக வீட்டுக்காரர் வாடகைப் பத்திரம், சம்பளச் சீட்டு எல்லாம் கொண்டு நேரில் போக வேண்டும். அப்போது 30 யூரோ முத்திரைக் கட்டணம். வருகிறவர்கள் படுக்க வீட்டில் இடம் போதுமா என்றும் பார்ப்பார்கள். தம்பி வேலைக்கு லீவு போட்டு இரண்டு தரம் அலைந்து அதை எடுத்து, மூலப் பிரதியைக் கூரியரில் அனுப்பினான். அதில் அவன் பெயரும் விலாசமும் இருந்தன. கீழே எங்கள் நாலு பேரின் பெயர்கள். இவர்கள் என் வீட்டில் நிற்பார்கள் என்று ஒரு அரசாங்கத்துக்கு அவன் எழுத்தில் கொடுத்த வாக்கு அது. பதியப் பயந்து நான் யாரை வெளியே அனுப்பினேனோ, அவன் எங்களைத் தன் வீட்டில் பதிந்தான்.

அந்தப் பத்திரத்தைப் பார்த்த இரவுதான் நான் ஹோட்டல் தேடத் தொடங்கினேன்.

ஒரு கொப்பியில் இரண்டு நிரல் கீறினேன். ஒன்று 'உள்ளே', மற்றது 'வெளியே'. பூங்காவின் ஹோட்டலில் நின்றால் மற்றவர்களுக்கு முன்னால் காலையில் ஒரு மணித்தியாலம் உள்ளே போகலாம். சில சவாரிகள் அப்போதே ஓடும். அறையோடு டிக்கெட்டையும் சேர்த்துப் பொதியாக எடுக்கலாம். பூங்காவுக்கு இலவச பஸ் இருக்கிறது. விலை குறைந்த ஹோட்டல்களிலிருந்து நடந்தாலும் இருபது நிமிடம். களைத்தால் மத்தியானம் அறைக்கு வந்து படுத்துவிட்டுப் போகலாம். ஓகஸ்டில் அங்கே இருட்டவே இரவு ஒன்பது தாண்டும் என்பதால் கடைசி ஒளிக்காட்சி பத்தரைக்கு மேல்தான். அது முடிந்து படுக்கைக்குப் போவது இலகு.

'வெளியே' என்ற நிரலில் முதல் இருந்தது, பூங்காவுக்கு ஒரு நிலையம் முந்திய வால் தெரோப் பக்கத்து ஹோட்டல்கள். அடுத்தது தம்பி வீடு. லாக்கூர்நெவில் ஆர்.இ.ஆர். பி ரயில் ஏறி, ஷத்லேயில் இறங்கி, ஏ ரயிலுக்கு மாற வேண்டும். ஏ பாதை கிழக்கே இரண்டாகப் பிரிவதால் பலகையைப் பார்த்து ஏற வேண்டும். கடைசி நிலையத்தில் இறங்கினால் பூங்கா வாசல். 2025 ஜனவரியிலிருந்து அந்தப் பிராந்தியம் முழுவதற்கும் ரயில் டிக்கெட் ஒரே விலை, அந்த வருடம் 2.50 யூரோ. நாங்கள் நாலு பேரும் போய்வர 20 யூரோ.

சரித்திரத்தையும் தேடிப் படித்தேன். வோல்ட் டிஸ்னி 1955இல் கலிபோர்னியாவின் அனாஹைமில் முதல் பூங்காவைத் திறந்தபோது ஹோட்டல் கட்ட அவரிடம் பணம் மிஞ்சவில்லை. டிஸ்னிலாந்து என்ற பெயரைத் தாங்கிய ஹோட்டலையே வேறொருவர்தான் கட்டினார். அது டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு வந்தது 1988இல். சுற்றிவர மோட்டல்கள் முளைத்தன. இரவுக்கு ஆட்கள் கொடுத்த பணம் அவற்றுக்குப் போனது. அந்தப் பாடத்தோடுதான் டிஸ்னி 1960களில் புளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கினார். 1971 ஒக்டோபரில் அந்தப் பூங்கா திறந்தபோது ஹோட்டல்களும் அதன் எல்லைக்குள்ளேயே நின்றன. 1992 ஏப்ரல் 12இல் பாரிஸ் பூங்கா திறந்தபோது 5,000க்கு மேற்பட்ட அறைகள் ஆயத்தமாக இருந்தன. ஆனால் அதே மாதம் ஆர்.இ.ஆர். ரயிலும் பூங்கா வாசல் வரை வந்துவிட்டது. பாரிஸில் நின்றுகொண்டு பகலில் வந்துபோனவர்கள் நிறையப் பேர். அறைகள் நினைத்தபடி நிரம்பவில்லை. ஆரம்ப வருடங்களின் பெரிய நட்டத்துக்கு அதுவும் ஒரு காரணமானது.

இவ்வளவையும் தேடியபோது ஒரு பொறுப்பான தாய் செய்யும் வேலையைச் செய்கிறேன் என்று நம்பினேன். இன்று அந்தக் கொப்பியைப் புரட்டினால், 'வெளியே' நிரலில் தம்பி வீட்டுக்கு எதிரே நான் எழுதியவை கண்ணில் படுகின்றன. 'ஒரு குளியலறை, எட்டுப் பேர்.' 'ரயில் மாற வேண்டும்.' 'பிள்ளைகள் களைப்பார்கள்.' அவன் மனைவியின் சமையல், எங்கள் பிள்ளைகள் நாலும் ஒன்றாக ரயிலில் போகும் ஒரு மணித்தியாலம், பதினேழு வருடம் காணாத தம்பியோடு இராச் சாப்பாட்டுக்குப் பிறகு கதைக்கும் நேரம், இவற்றில் ஒன்றையாவது நான் எழுதவில்லை. நிரல் கீறும்போதே முடிவு எடுத்தாயிற்று.

காரணம் குளியலறை இல்லை. அவன் வீட்டுக் கதவு அவ்வளவு அகலமாகத் திறந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை. அதற்குள் போனால் 2007 ஜூனில் நான் பூட்டி வைத்த கதவு எனக்குத் தெரியும். அவனிடம் கடன்பட்டு நிற்க எனக்கு மனமில்லை. பணம் கொடுத்து நிற்கும் இடத்தில் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் இருந்தது: அந்த ஹோட்டலின் முன்னால் நின்று படமெடுத்துக் கொழும்புக்கு அனுப்ப எனக்கு ஆசை.

இப்படிச் செய்தால் மற்றவருக்கு எப்படி நோகும் என்று எனக்குத் தெரியாமலுமில்லை. கனடாவிலிருந்து வரும் பெரியம்மாவின் பிள்ளைகள் சில வருடமாக எங்கள் வீட்டில் நிற்பதில்லை. மரைன் டிரைவில் நாள் வாடகைக்குத் தொடர்மாடி எடுத்துக்கொண்டு, எங்களிடம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 'உங்களுக்கு ஏன் கரைச்சல்' என்பார்கள். அவர்கள் போன பிறகு நான் அழுதிருக்கிறேன். 'எங்கட வீட்டில நிக்க அவைக்கு என்ன குறை?' என்று கணவரிடம் பொருமியிருக்கிறேன்.

பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்புதான் தம்பிக்குச் சொன்னேன். நடுவில் இரண்டு நாள் அங்கேயே ஹோட்டல் எடுத்திருக்கிறோம், டிக்கெட்டும் அதோடு சேர்ந்தது, காலையில் ஒரு மணித்தியாலம் கூடக் கிடைக்கும், பிள்ளைகளுக்கு அலைச்சல் குறைவு என்றேன். மூச்சு விடாமல் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "சரி அக்கா. உங்களுக்கு எது வசதியோ."

என் சொல் பதினெட்டு வருடம் கழித்து என்னிடம் திரும்பி வந்தது. அவன் வேண்டுமென்று சொன்னானா, தெரியாமல் வாயில் வந்ததா, எனக்குத் தெரியாது. அவனுடைய பிள்ளைகளின் டிக்கெட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. அந்தப் பணம் அறைக்குப் போய்விட்டிருந்தது.

முதல் நாலு நாள் அவன் வீட்டில் நின்றோம். தங்கள் கட்டிலில் புது விரிப்புப் போட்டு எங்களுக்குக் கொடுத்துவிட்டு, அவனும் மனைவியும் ஹோலில் படுத்தார்கள். "மச்சாள், இதையும் போட்டுச் சாப்பிடுங்கோ" என்று அவள் நின்று பரிமாறினாள். லாச்சப்பல் கடைத்தெருவில் குத்தரிசியும் முருங்கைக்காயும் வாங்கி வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் காலை நாங்கள் பெட்டியோடு புறப்பட்டபோது, எங்களோடு டிஸ்னிக்கு வர எடுத்திருந்த லீவை ரத்துச் செய்துவிட்டு அவன் வேலைக்குப் போயிருந்தான்.

ஹோட்டலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறை சுத்தம், ஆட்கள் அன்பு. பிள்ளைகள் சந்தோஷப்பட்டார்கள்.

முதல் நாள் பின்னேரம் ஏழு மணிக்குத் தம்பி கோல் எடுத்தான். "அக்கா, வெளியில நிக்கிறம். சாப்பாடு கொண்டு வந்தனாங்கள்." பூங்காவுக்கும் ஹோட்டல்களுக்கும் நடுவில் டிஸ்னி வில்லேஜ் என்ற கடைத்தெரு இருக்கிறது. அங்கே போக டிக்கெட் தேவையில்லை. வேலை முடிந்த கையோடு மனைவி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, இரண்டு ரயில் மாறி, புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பொரித்த மீனும் கொண்டு வந்திருந்தான். என் மகளுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துவராது என்று நான் எப்போதோ சொன்னதை மறக்கவில்லை. ஒரு வாங்கில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் சின்ன மகளுக்கு ஏழு வயது. மதிலுக்கு மேலால் தெரிந்த கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"மாமி, நீங்கள் உள்ளுக்கயோ நிக்கிறியள்?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பி முந்திக்கொண்டு, "மாமிக்குக் களைப்பம்மா, கேள்வி கேக்காதை" என்றான். அவர்கள் போன பிறகு என் மகன் அறையில் வைத்துச் சொன்னான்: "அம்மா, அவைக்கும் டிக்கெட் எடுக்கிறன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்." அவனுக்கு 14 வயது.

இந்த ஒப்புதலில் எனக்கு மிகவும் வெட்கமான இடம் இதுதான். மறுநாளுக்கு அந்தப் பிள்ளைகளுக்கு நான் டிக்கெட் எடுத்திருக்கலாம். கைத்தொலைபேசியில் ஐந்து நிமிட வேலை. எடுக்கவில்லை. இப்போது எடுத்தால் வாக்குத் தவறியதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன். ஒப்புக்கொள்ளாமலிருப்பதற்காக இரண்டு பிள்ளைகளின் ஆசையைக் கொடுத்தேன். லொட்ஜில் அறை தருவினமோ என்று கேட்ட அதே ஆள்தான் அந்த அறையிலும் படுத்திருந்தாள்.

பூங்காவின் ஹோட்டலில் நிற்பது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. கைக்குழந்தையோடு போகிறவர்கள், நடக்கக் கஷ்டப்படும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், அந்த ஊரில் யாருமில்லாதவர்கள், தாராளமாக அங்கே நிற்கலாம். மத்தியான நித்திரை ஒன்றுக்கே அந்தப் பணம் தகும். வளர்ந்த பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ரயில் பெரிய பாடில்லை. காலையில் கிடைக்கும் அந்த ஒரு மணித்தியாலத்தை, முதல் நாள் இரவு பதினொரு மணிவரை காட்சி பார்த்த பிள்ளைகள் பயன்படுத்துவார்களா என்று யோசித்துப் பாருங்கள். என் பிள்ளைகள் எழும்பவில்லை. இவையெல்லாம் கணக்குகள். கணக்குப் போடுங்கள். உங்களுக்காக ஒருவர் கட்டிலை ஒழித்துவிட்டு நிலத்தில் படுக்கக் காத்திருந்தால், அதை எந்த நிரலில் எழுதுவீர்கள் என்று மட்டும் முதலில் முடிவெடுங்கள்.

போன கிழமை தம்பி கோல் எடுத்தான். பிரான்ஸ் கடவுச்சீட்டில், இத்தனை வருடம் கழித்து, டிசம்பரில் மனைவி பிள்ளைகளோடு கொழும்புக்கு வருகிறான். பிறகு யாழ்ப்பாணம் போவான். பேச்சின் நடுவில் சாதாரணமாகக் கேட்டான்: "அக்கா, வெள்ளவத்தைப் பக்கம் ஒரு நாலு நாளைக்கு அறை பாத்துத் தருவீங்களோ? உங்களுக்குக் கரைச்சல் வேண்டாம்."

என் வீட்டில் நிற்கலாமா என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் பழக்கியது நான்.

"பாத்துச் சொல்றன்" என்று வைத்துவிட்டேன். அப்போதும் உடனே வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதை முடித்துவிட்டு அவனுக்குக் கோல் எடுப்பேன். 2007 ஜூனில் அவன் விட்ட இடைவெளியில் சொல்லியிருக்க வேண்டியது மூன்றே சொல்: எங்கட வீட்டில நில்லு. அதைச் சொல்வேன். அவன் பிள்ளைகளிடமும் டிக்கெட்டைப் பற்றி நானே பேசுவேன். அவன் வராமலும் விடலாம். "பரவாயில்லை அக்கா" என்று அறையே எடுக்கச் சொல்லலாம். அது அவன் விருப்பம். எங்கள் அறைக் கட்டிலை ஒழித்துப் புது விரிப்புப் போட்டிருக்கிறேன். ஹோலில் எனக்கும் கணவருக்கும் பாய் இருக்கிறது.